தமிழ் வழியே ஆங்கில மதிப்பெண்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கினால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாலை வகுப்பு களைகட்டிவிடும். மெல்லக் கற்கும் பிள்ளைகள் கைக்கு ஆங்கிலத்துக்கான ‘மினிமம் மெட்டீரியல்’ வந்து சேரும். மனப்பாடப் பாட்டு, ரோடு மேப், கடிதம், படம் பார்த்து எழுதுதல். தேர்ச்சிக்கு 100க்கு 35 வேண்டும். அதை எட்ட இந்த வழி கைகொடுக்கத்தான் செய்கிறது. பலருடைய ஆங்கிலம் அத்தோடு நின்றுவிடுவதுதான் வருத்தம்.

மனப்பாடப் பாட்டையே பாருங்கள். 5 மதிப்பெண். பொருள் தெரியாமல் உருப்போட்ட பிள்ளைக்கு நடுவில் ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் போச்சு. பாடநூலில் உள்ள ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ பாடலை முதலில் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடந்த தாது தோண்டப்பட்டு, உலையில் உருகி, அடிபட்டு, அறுபட்டு இயந்திரமாகிறது. இந்த வரிசை மனதில் பதிந்தால் ஒரு வரி அடுத்த வரியை இழுத்து வரும்.

‘ஆங்கிலத்திலேயே யோசி’ என்ற அறிவுரை தமிழ்வழிப் பிள்ளைக்கு உதவாது என்பேன். பிழை திருத்தும் பகுதியில் தமிழே நல்ல துணை. ‘தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ ஏன் வரக்கூடாது? ‘மழை பெய்தாலும், ஆனால் வந்தான்’ என்று நாம் பேசுவோமா? ‘பெய்தாலும் வந்தான்’ போதுமே. ‘எ’, ‘ஆன்’ குழப்பமும் அப்படித்தான். அம்ப்ரெல்லா, யூனிவர்சிட்டி இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. தமிழில் எழுதிப் பார்த்தால் ‘அ’ உயிரெழுத்து, அதற்கு ‘ஆன்’. ‘யூ’ உயிர்மெய், அதற்கு ‘எ’. ‘ஹவர்’ என்று எழுதினாலும் உச்சரிப்பது ‘அவர்’, ஆகவே ‘ஆன்’. ஓசைதான் கணக்கு என்பது பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

கடிதத்தில் முகவரி, தேதி, விளிப்பு, கையொப்பம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. உள்ளடக்கம் வராவிட்டாலும் அவற்றை எழுதாமல் பக்கத்தை வெறுமையாக விடக்கூடாது. வினாத்தாளைப் படிக்கத் தரும் 10 நிமிடத்தில் தெரிந்த கேள்விகளைத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தாள் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். தப்பான ஐந்து வாக்கியங்களை எடுத்து, ‘இதற்குத் தமிழில் என்னப்பா அர்த்தம்?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.