டேப் விரலில் ஒட்டுது... பெட்டியில் நிக்குமா? பிசுபிசுப்பை அளப்பது இப்படித்தான்!

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு பிரவுன் டேப் வாங்கினாலும் சரி, அச்சகத்துக்கு ஸ்டிக்கர் தாள் வாங்கினாலும் சரி, முதல் சோதனை கட்டைவிரல்தான். தொட்டதும் ஒட்டினால், "நல்ல சரக்கு" என்று முடிவு செய்துவிடுகிறோம். அது போதுமா?

பிசுபிசுப்பு என்றால் என்ன?

அழுத்தாமல், லேசாகத் தொட்டதுமே பிடித்துக்கொள்ளும் தன்மைதான் பிசுபிசுப்பு. தொழிலில் இதை 'டேக்' என்பார்கள். டயர் தயாரிக்கும்போது வேகவைக்காத ரப்பர் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதும் இதனால்தான்.

எப்படி அளக்கிறார்கள்?

விரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். வியர்வை இருந்தால் இன்னும் மாறும். அதனால்தான் இந்தச் சோதனைகள்:

* உருளும் குண்டு: சுமார் 11 மி.மீ. விட்டமுள்ள எஃகு குண்டை, ஒரு சிறு சரிவிலிருந்து டேப்பின் பசைப் பக்கத்தின் மேல் உருளவிடுவார்கள். சீக்கிரம் நின்றால் பிசுபிசுப்பு அதிகம். தூரம் ஓடினால் குறைவு.

* வளையச் சோதனை: பசைப் பக்கம் வெளியே இருக்குமாறு டேப்பை வளையமாக்கி, கண்ணாடித் தகட்டைத் தொடவைத்து, நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் இழுப்பார்கள். பிரிக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைக் கருவி காட்டும். லேபிள்களுக்கு இது அதிகம் பயன்படுகிறது.

* கம்பிச் சோதனை: 5 மி.மீ. விட்டமுள்ள தட்டை முனைக் கம்பி பசையை ஒரு விநாடி தொட்டு விலகும். அந்த இழுவிசையே அளவு.

வெயிலில் என்ன ஆகும்?

இந்தச் சோதனைகள் வழக்கமாக 23 டிகிரி செல்சியஸில் நடக்கும். விருதுநகர் மாவட்டத்தில் கோடையில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூட்டில் பசை இளகும். விரலுக்கு நல்லா ஒட்டுற மாதிரி தெரியும். ஆனால் கனமான பெட்டியில் மெல்ல மெல்ல வழுக்கும். மே மாதம் ஒட்டிய டேப் தீபாவளி வரை நிற்க வேண்டுமே!

எனவே தாங்குதிறனைத் தனியாகப் பார்க்கிறார்கள். ஒட்டிய டேப்பில் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று கணக்கெடுப்பதுதான் அந்தச் சோதனை.

வாங்கும்போது என்ன செய்யலாம்?

பிசுபிசுப்பு, தாங்குதிறன் இரண்டின் அளவையும் விற்பவரிடம் கேளுங்கள். அட்டையில் இருக்கும் தூசியைத் துடைத்து, டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். டேப் சுருள்களை வெயிலில் வைக்காதீர்கள். மொத்தமாக வாங்கும் முன், பட்டாசு வைக்காத பெட்டியில் அதே எடைக்குக் கல் நிரப்பி ஒட்டி, சூடான அறையில் சில நாள் விட்டுப் பாருங்கள். விரல் சொல்லாததை அந்தப் பெட்டி சொல்லிவிடும்.