மூக்கைத் துளைக்கும் அம்மோனியா

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கையாளப்படும் பொருள்களுள் ஒன்று அம்மோனியாக் கரைசல். பார்வைக்குத் தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். மூடியைத் திறந்த மறுகணமே தன் வருகையை மூக்குக்கு அறிவித்துவிடும். உப்புப் பகுப்பாய்வு செய்யும் மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு இது நன்கு பழகிய பொருள். பழகிவிட்டதாலேயே அதனிடம் இருக்க வேண்டிய அச்சம் குறைந்துவிடுகிறது. ஆகவே அம்மோனியாவின் இயல்பு யாது, அது ஏன் தீங்கு செய்கிறது, அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வீட்டிலும் வயலிலும்

அம்மோனியா ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடலாகாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், காய்ந்த பாத்திரத்தில் வெள்ளைத் தூள் ஒன்றைத் தூவுவதை நம் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். அதுவே நவச்சாரம், வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. சூடு பட்டதும் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகவும் பிரிகிறது. சற்று மேலே சென்று குளிர்ந்ததும் இரண்டும் மீண்டும் கூடி வெண்புகையாகின்றன. அம்மோனியா வெளிவரும் சோதனைக் குழாயின் வாயருகே, அந்த அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கோலை நாம் நீட்டும்போது எழுவதும் இதே வெண்புகைதான்.

தேவதானத்து நெல்வயல்களில் இடப்படும் யூரியா உரமும் அம்மோனியாவைக் கொண்டே செய்யப்படுகிறது. 1909ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில் இணைத்து அம்மோனியாவை உண்டாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் என்பவரின் முயற்சியால் 1913இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் அதற்கான ஆலை எழுந்தது. இன்று உலகில் விளையும் உணவில் பெரும்பகுதி இந்தக் கண்டுபிடிப்பை நம்பியிருக்கிறது. ஐஸ் தொழிற்சாலைகளிலும், மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும், குளிர்பதனக் கிடங்குகளிலும் குளிரூட்டப் பயன்படுவதும் அம்மோனியாவே. இவ்வளவு நன்மை தரும் பொருளை வெறுக்க வேண்டியதில்லை; அறிந்து பழக வேண்டும்.

ஏன் எரிகிறது?

அம்மோனியாவின் தனிக்குணம் அதன் நீர் வேட்கை. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். வாயு நிரம்பிய குடுவைக்குள் சில துளி நீர் புகுந்ததுமே வாயு அதில் கரைந்துவிட, உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கீழிருக்கும் தண்ணீர் நீரூற்றாகப் பீறிட்டு எழும் சோதனையை நாம் அறிவோம்.

நம் உடலில் எப்போதும் ஈரமாக இருக்கும் இடங்கள் எவை? கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல். அம்மோனியா நேரே அந்த ஈரத்தைத்தான் நாடிச் செல்கிறது. அங்கே கரைந்து காரமாக மாறுகிறது. அமிலம் பட்டால் திசுவின் புரதம் உறைந்து, அது மேலும் உள்ளே செல்வதை ஓரளவு தடுக்கிறது. காரமோ கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டு ஆழமாக இறங்குகிறது. கண்ணில் அமிலம் பட்டதைவிடக் காரம் பட்டதற்கு மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது இதனாலேயே. கருவிழி மங்கிப் பார்வையே போய்விடவும் கூடும்.

பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு அம்மோனியா என்பது, எட்டு மணி நேரம் வேலை செய்பவர்களுக்கு அறிஞர்கள் வகுத்துள்ள மேல் எல்லை. 300 பங்கு என்பது உயிருக்கு ஆபத்தான நிலை. நல்லவேளையாக, அபாய அளவை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே அதன் நெடி நம்மை எச்சரித்துவிடுகிறது. ஆனால் அந்த நெடியிலேயே இருந்தால் மூக்கு பழகிவிடும். ‘இப்போது நெடி குறைந்துவிட்டது’ என்று தோன்றுவது வாயு குறைந்ததால் அல்லாமல், மூக்கு மரத்ததாலும் இருக்கலாம். எனவே முதல் எச்சரிக்கையையே மதித்து விலக வேண்டும்.

நம் மாநிலத்தில் நடந்தவை

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில், சென்னையை அடுத்த எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து, கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளோடு வெளியே ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்பகுதிக் கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாத அம்மோனியா 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையொன்றில் நேர்ந்த கசிவில் பெண் தொழிலாளர்கள் பலர் மயங்கி விழுந்து மருத்துவமனை சென்றனர். நம்மில் சிலர் நாளை இத்தகைய ஆலைகளில் பணிபுரியலாம். ஆகவே ஆய்வுக்கூடத்தில் இன்று கற்கும் ஒழுங்கு தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டுமன்று.

கையாளும் முறைகள்

1. அடர் அம்மோனியாப் புட்டியைக் கோடையில் திறக்கும்போது மிகுந்த கவனம் தேவை. வெப்பத்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கும். புட்டியைச் சிறிது நேரம் குளிர்ந்த நீரில் நிறுத்தி வைத்து, வாயை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, மெல்லத் திறக்க வேண்டும். ஆசிரியையின் மேற்பார்வை இன்றி இதைச் செய்யலாகாது.

2. புட்டியையோ சோதனைக் குழாயையோ மூக்கருகே கொண்டுபோய் முகரக்கூடாது. சற்றுத் தள்ளிப் பிடித்து, கையால் காற்றை மெதுவாக வீசி நெடியை உணர்தல் போதும்.

3. கண்ணாடி, கையுறை, மேலங்கி ஆகிய மூன்றும் வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுதல் அறவே கூடாது.

4. அமிலங்கள், அயோடின், சலவைத்தூள் ஆகியவற்றின் அருகில் அம்மோனியாவை வைக்கலாகாது. அயோடினுடன் சேர்ந்து வெடிக்கும் பொருளையும், சலவைத்தூளுடன் சேர்ந்து குளோரமைன் என்னும் நச்சு வாயுவையும் அது உண்டாக்கும்.

5. ஆல்டிகைடு சோதனைக்காக வெள்ளி நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்த்துச் செய்யும் கரைசலை அன்றன்றே தயாரித்து, அன்றே அப்புறப்படுத்த வேண்டும். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் வெடிக்கும் தன்மை பெறும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சரிவரக் கழுவப்படாத கழிப்பறையில் எழும் நெடி பெரும்பாலும் அம்மோனியாவே. அதன்மேல் நேரடியாகச் சலவைத்தூளைக் கொட்டினால் மேலே சொன்ன நச்சு வாயு வெளிப்படும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதன் பின்னரே சலவைத்தூளைப் பயன்படுத்துங்கள்.

தண்ணீரே முதல் மருந்து

எந்த நீர் வேட்கை அம்மோனியாவைக் கொடியதாக்குகிறதோ, அதுவே நமக்குக் காவலும் ஆகிறது. தண்ணீர் கிடைத்தால் அம்மோனியா அதனோடு போய்விடும். கண்ணில் பட்டால் கசக்காமல், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். எரிச்சல் தணிந்துவிட்டது என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடலாகாது. காரத்தை முறிக்கிறோம் என்று எலுமிச்சைச் சாறோ புளித்த காடியோ ஊற்றுவது கண்ணை மேலும் கெடுக்கும். கழுவிய பின் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூச்சில் சென்றால் அவரை உடனே தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கக் கூடும்; ஆகவே மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. 108க்குத் தொலைபேசி செய்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆலைக் கசிவு நேர்ந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் பாதைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும்.

உடையில் சிந்தினால் முதல் வேலை உடையைக் களைவதே. நம் ஊர்க் கோவிலில் இறைவனின் திருப்பெயர் நச்சாடை தவிர்த்தருளியவர் என்பது. பாண்டியனுக்குச் சோழன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையைத் தடுத்தருளினார் என்று தலவரலாறு கூறுகிறது. உண்பதால் மட்டுமல்ல, உடுப்பதாலும் நஞ்சு ஏறும் என்பதை நம் ஊரார் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நனைந்த உடை தோலோடு ஒட்டியிருக்கும் வரையில் காரம் இறங்கிக்கொண்டே இருக்கும். கூச்சம் பார்த்துத் தாமதிக்கும் தோழியைச் சுற்றி நின்று மறைத்து, உடனே தண்ணீர் ஊற்றுவதே நட்பு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நம்மைக் காக்கும் தண்ணீர் அம்மோனியாவைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நாம் கொட்டுவது வாய்க்கால் வழியே கண்மாயைச் சேரும். மிகக் குறைந்த அளவுகூட மீனுக்கு நஞ்சு. ஆகவே தேவையான அளவு மட்டுமே எடுப்போம். மிஞ்சியதை ஆசிரியை காட்டும் கலத்தில் சேர்ப்போம். கண்ணுக்கும் மூச்சுக்கும் நீர்நிலைக்கும் ஒருங்கே காவல் செய்வதே அறிவியல் கற்ற பெண்ணுக்கு அழகு.