பிரேக்கில் கரையும் பெட்ரோல்

கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான். வாங்கி ஆறு மாதம் ஆனதும் அதே கேள்வி "ஏன் இவ்வளவுதான் கொடுக்கிறது?" என்று மாறிவிடும். பங்க்கைக் குறை சொல்வோம், எத்தனால் கலந்த பெட்ரோலைக் குறை சொல்வோம், சர்வீஸ் சென்டரைக் குறை சொல்வோம். இவற்றில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதே அளவு பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்தால், லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறைந்துதான் நம் டேங்கில் விழுகிறது. ஆனால் அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு வேறொரு பக்கம் கை காட்டுகிறது. விருட்டென்று கிளப்பி, சடாரென்று பிரேக் போட்டு ஓட்டும் பழக்கம், நின்று நின்று போகும் நெரிசலில் மைலேஜை 10 முதல் 40 சதவீதம் வரை குறைத்துவிடும் என்கிறது அது. சாதாரணமாக நாம் சந்தேகப்படும் ஃபில்டரோ ஆயிலோ இந்த அளவுக்கு இழுப்பதில்லை. ஒரே மாடல் கார் இரண்டு பேரிடம் இரண்டு விதமான மைலேஜ் தருகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது அவர்களின் வலது காலைத்தான். அந்தக் கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது என்ன செய்கிறது என்பதைவிட, எத்தனை முறை பிரேக்குக்குப் போகிறது என்பதே முக்கியம் என்பது என் வாதம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 140 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32,000 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடுகிறது. நகர ஓட்டத்தில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்ல எஞ்சின் என்று சொல்லலாம். அந்தக் கால் பங்கையே வைத்துக்கொண்டாலும், நின்றிருந்த காரை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 17 மில்லி பெட்ரோல் வேண்டும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் ஒன்றரை மூடி. முன்னால் சிவப்பு விளக்கு, பிரேக் மிதிக்கிறோம், கார் நிற்கிறது. அந்த ஒன்றரை மூடி பெட்ரோல் தந்த ஓட்டம் முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் கலந்துவிட்டது. நெரிசலில் ஓட்டி நிறுத்திய காரின் முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தாலே முகத்தில் அனல் அடிக்குமே, பங்க்கில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அது. வேகம் 40 ஆக இருந்திருந்தால் போயிருப்பது 8 மில்லிதான். வேகம் ஒன்றரை மடங்கானால் இழப்பு இரண்டேகால் மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதே காரணம். தினமும் இப்படி 60-லிருந்து பூஜ்ஜியத்துக்கு இருபது முறை இறங்குகிறவர், அதில் பத்து முறையைத் தவிர்த்தால் நாளைக்கு 170 மில்லி மிச்சம். ஆண்டில் 300 நாள் ஓட்டினால் 51 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. ஆக, 115 கிலோவுக்கு மேல் குறையும்.

தவிர்ப்பது எப்படி? இருநூறு முந்நூறு மீட்டருக்கு முன்பே சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிகிறது. பல இடங்களில் எத்தனை வினாடி பாக்கி என்றுகூட எண் ஓடுகிறது. அப்படியிருந்தும் சிக்னல் வரை ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசியில் பிரேக் போடுவதுதான் நம் வழக்கம். அங்கேயே காலை எடுத்துவிட்டால் போதும். கார் தானாக வேகம் குறைந்து வரும், பாதி வேளை நாம் போய்ச் சேரும்போது விளக்கு பச்சையாகிவிடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும் காரை மறுபடி 60-க்கு ஏற்றுவது, நின்ற காரை ஏற்றுவதைவிட மலிவு. இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்திலும் சிக்னலுக்கு வரும்போதும் நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் அந்தப் பேச்சில் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதை உணரும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு மாற்றினால், எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் மறுபடி சொட்டத் தொடங்கும். மிச்சமும் இல்லை, இறக்கத்தில் எஞ்சின் தரும் பிடிப்பும் போய்விடும்.

"இதெல்லாம் நம்ம ஊர் டிராஃபிக்கில் நடக்கிற காரியமா? முன்னால் நாலடி விட்டால் ஆட்டோ நுழையும், அதற்குள் ரெண்டு பைக் நுழையும்" என்பது உடனே வரும் மறுப்பு. நுழையும்தான். ஆனால் ஒரு வண்டி முன்னால் நுழைவதால் நமக்குப் போவது இரண்டு வினாடி. ஒரு பயணத்தில் பத்து வண்டி நுழைந்தாலும் இருபது வினாடி. அதை அடுத்த சிக்னலே விழுங்கிவிடும். நுழைந்த வண்டிக்கும் நமக்கும் நடுவில் மறுபடி இடைவெளி விடுவது எரிச்சலான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எரிச்சலுக்கு ஈடாகக் கிடைப்பது என்னவென்று இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஜப்பானின் நகோயாவில் ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள். 2008-இல் முடிவு வெளியானது. சிக்னல் இல்லை, குறுக்கே வருகிறவர் இல்லை, பள்ளம் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாக உருவாகிவிட்டது. ஒருவர் லேசாகத் தயங்க, பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் போட, அந்த அலை பின்னோக்கி ஓடி ஒரு காரை அப்படியே நிறுத்திவிடுகிறது. பிறகு அமெரிக்காவின் அரிசோனாவில் இதே போன்ற வட்டத்தில், சுமார் இருபது கார்களில் ஒன்றை மட்டும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் சீரான வேகத்தில் ஓடவிட்டார்கள். அந்த ஒரு கார் முன்னால் இடைவெளி விட்டு அலையை உள்வாங்கிக்கொள்ள, நெரிசலே கலைந்தது. எல்லாக் கார்களும் சேர்த்துச் செலவழித்த எரிபொருள் 40 சதவீதம் வரை குறைந்தது. "நான் ஒருவன் மாறி என்ன ஆகிவிடப் போகிறது" என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நான் போடாத பிரேக்கை, எனக்குப் பின்னால் வருகிறவரும் போட வேண்டியதில்லை.

நம் ஊரிலேயே இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசு பஸ் டிப்போக்களில் "கே.எம்.பி.எல்." என்பது அன்றாடப் பேச்சு. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற அந்தக் கணக்கில்தான் டிரைவரின் கைத்திறன் அளக்கப்படுகிறது. 1978-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், டிரைவர்களுக்கு இதற்கென்றே பயிற்சி நடத்துகிறது. டீசலைச் சிக்கனமாகச் செலவழித்ததற்காகத் தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் விருதும் வாங்கியிருக்கின்றன. ஆட்கள் ஏறிய பஸ்ஸை நிறுத்திக் கிளப்புவது, கார்க்காரர் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. அதனால்தான் தேர்ந்த டிரைவர், ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு, உருண்டே வந்து நிறுத்துகிறார். டைமிங் நெருக்கடியில் ஓடும் பஸ்ஸில் ஒருவரால் இது முடிகிறதென்றால், ஆபீஸ் போகிற காரில் முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

நின்றுகொண்டிருக்கும்போது எஞ்சினை அணைப்பது அடுத்த விஷயம். பத்து வினாடிக்கு மேல் நிற்கப் போகிறோம் என்றால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதே சிக்கனம் என்று அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் அளந்து சொல்லியிருக்கிறது. சிறிய பெட்ரோல் கார் ஏ.சி.யோடு ஒரு மணி நேரம் சும்மா நின்றால் ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். இரண்டு நிமிட சிக்னலில் 30 மில்லிக்கு மேல் போகும். மே மாத நண்பகலில், பின்சீட்டில் குழந்தையையோ முதியவரையோ வைத்துக்கொண்டு ஏ.சி.யை அணைக்கச் சொல்வது நியாயமில்லை. அந்த 30 மில்லி போகட்டும். கூடிய மட்டும் நிழலில் நிறுத்துவது, கிளம்பும்போது ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி உள்ளே அடைந்திருக்கும் கொதிப்பை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுவது, இவை ஏ.சி.யின் பாரத்தைக் குறைக்கும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: முழுக்க நின்ற பிறகுதான் அணைக்க வேண்டும். ஓடும்போது அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

நெடுஞ்சாலையில் பிரேக்கின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. 80-இல் போகிறவர் 100-க்கு ஏறினால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். இடைவிடாமல் 100-இல் போனால் 80-இல் போவதைவிட 50 நிமிடம் முன்னால் போய்ச் சேரலாம். அந்த 50 நிமிடம் சிலருக்கு அவசியமாக இருக்கலாம். ஆனால் டோல்கேட்டும் செங்கல்பட்டு வரையிலான நெரிசலும் சேர்ந்தால் அந்த லாபம் முழுசாகக் கைக்கு வருவதில்லை. மேலே மாட்டி மறந்துவிட்ட கேரியர், அதில் ஒரு பை இல்லாவிட்டாலும், வழி முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் வரும்.

பராமரிப்புக்கு வருவோம். இங்கே கவலைப்பட வேண்டியதற்குப் பதில் வேறொன்றுக்குக் கவலைப்படுகிறோம் என்று நினைக்கிறேன். ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்ததில், இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரால் இழுவைதான் மந்தமாகிறது, மைலேஜ் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. குறைந்த காற்றுக்கு ஏற்ப பெட்ரோலையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடுகிறது. ஃபில்டரை மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. மைலேஜுக்காகப் பார்க்க வேண்டியது வேறு. டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால், "வண்டி ஓடுதே" என்று மாதக்கணக்கில் விட்டுவைக்கிறோம். பழுதான ஆக்சிஜன் சென்சார் அதற்கொரு காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட மீளலாம், கூடவே புகையும் குறையும். டயரில் காற்று மாதம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குத் தானாகவே இறங்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடான டயரில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் காலையில் கிளம்பிய உடனே பார்க்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கையால் சுற்றினால் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா, பிரேக் பேட் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். டேங்கில் ஊற்றும் மந்திரத் திரவத்துக்கும் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்துக்கும் கொடுக்கிற காசு இதில் போகட்டும்.

"எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். அது ஒன்றரை மூடி பெட்ரோலைக் காற்றில் விடுவதில்லை. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி ஓட்டத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் போனது முழுசாகத் திரும்புவதில்லை. சடாரென்று மிதித்தால் சாதாரண பிரேக்கும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அதிலும் முன்கூட்டிக் காலை எடுப்பவர்தான் ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் போகிறார். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களும் இன்னும் பல ஆண்டு ஓடத்தான் போகின்றன.

எவ்வளவு நயமாக ஓட்டினாலும் தப்பாத ஒரு செலவு உண்டு. சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் முறிக்கிறது. ஆனால் சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறும் வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். குளிர்ந்த எஞ்சினும் அந்த நேரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். அதனால் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் மிக அழுக்கான பயணம், விடிந்ததும் தெருமுனைக் கடைக்குக் காரில் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவதுதான். கன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும் நேரத்துக்குக் கார் மறுபடி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.