திரையின் முகமும் நம் முகமும்

ஒருவர் தம்மை அறிந்துகொள்வது கண்ணாடியில் மட்டும் அன்று. தம் காலம் தமக்குக் காட்டும் படங்களிலும்தான். அப்படங்களைப் பிறர் வரையும்போது நேர்வது யாது? அமெரிக்கப் புதினங்கள் இவ்வினாவை நெடுங்காலமாக எழுப்பி வருகின்றன.

டோனி மோரிசன் 1970இல் வெளியிட்ட 'தி புளூயஸ்ட் ஐ' புதினத்தில், பெக்கோலா என்னும் கறுப்பினச் சிறுமி, குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் படம் பொறித்த கோப்பையில் ஆசையோடு பால் அருந்துகிறாள். நீலக் கண்களே அழகு என்று நம்பி, இறுதியில் மனம் பிறழ்கிறாள். டான் டெலில்லோவின் 'வொயிட் நாய்ஸ்' (1985) புதினத்திலோ, மிகுதியாகப் படமெடுக்கப்பட்டது என்று விளம்பரம் பெற்ற ஒரு களஞ்சியத்தைக் காண மக்கள் திரள்கின்றனர். எவரும் களஞ்சியத்தைக் காண்பதில்லை. முன்னதில் படம் ஆளை விழுங்குகிறது. பின்னதில் பொருளை மறைக்கிறது.

இவை நமக்கு அயலல்ல. பா. இரஞ்சித்தின் 'கபாலி' (2016) திரைப்படத்தில், தோட்டத் தொழிலாளரின் சம ஊதியத்திற்குக் குரல் கொடுத்தவர் கோட்டணிந்து நிமிர்ந்து நிற்கிறார். அதைக் கண்டு நம்மவர் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு. எனினும் அவர் குண்டர் கும்பலின் தலைவர். பெருமிதத்தோடு பழைய முத்திரையும் உடன் வந்தது. மலேசியத் திரையரங்குகளில், அவர் காவல்துறையிடம் சரணடைந்தார் என்னும் வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டது.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) அதே உலகைச் சிறுவன் ஒருவனின் கண்வழி நோக்குகிறது. தலைப்பு, 'கெட்ட' எனப் பொருள்படும் மலாய்ச்சொல் நம் பேச்சில் திரிந்த வடிவம். தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை அப்போய். அடியாலும் வசையாலும் திருத்தப்படும் அவன், மெல்ல மெல்ல அப்பெயருக்குள்ளேயே தள்ளப்படுகிறான். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் இப்படம் முதலில் மலாய் அல்லாத மொழிப் பிரிவில் வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அப்பிரிவினை கைவிடப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்பட விருதை 'ஜகாட்' வென்றது. நம் கதை இந்நாட்டின் கதையா என்னும் கேள்விக்கு அவ்விருது விடையாயிற்று.

ஆசிரியர்களே, பெக்கோலாவும் அப்போயும் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். மாணவர் ஒரு படத்தைக் காணும்போது, இதை வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார், எதை விட்டுவிட்டார் எனக் கேட்கப் பழக்குவோம். பிறகு, பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ தாம் வாழும் தெருவைத் தம் சொற்களில் எழுதச் சொல்வோம்.