மார்பிளிங் பாடமும் ‘லக் இல்ல டீச்சர்’ என்ற பதிலும்

காட்சிக்கலைக் கல்வியில் மார்பிளிங் என்றாலே வகுப்பு களைகட்டிவிடும். தண்ணீரின் மேல் எண்ணெய் வண்ணத்தை மிதக்கவிட்டு, தாளில் ஒற்றி எடுத்தால் பளிங்குக்கல் போன்ற கோலம் கிடைக்கும். மலாயில் இதைப் புவாலமான் என்கிறோம்.

முதன்முதலில் நான் இதைச் செய்தபோது ஆறு குழுக்களில் இரண்டு குழுவுக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை. சொட்டு விட்டதும் வண்ணம் விரியாமல் சுருங்கி ஓரத்துக்கு ஓடியது. “எங்களுக்கு லக் இல்ல டீச்சர்” என்று ஒரு மாணவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். “பரவாயில்லம்மா, அடுத்த தடவை வரும்” என்றேன். அது சரியான பதில் இல்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது: அந்த இரண்டு தட்டுகளைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவியது நான்தான், சரியாக அலசவில்லை.

காரணம் என்ன? தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல இருக்கும். இதுதான் பரப்பு இழுவிசை. அந்த இழுப்புதான் மெல்லிய எண்ணெய் வண்ணத்தை நாலாபுறமும் விரிக்கிறது. சவர்க்காரம் பட்டால் இழுவிசை குறையும். வண்ணம் விரியாது, ஒதுங்கும்.

செய்முறை:

1. நன்றாக அலசிய தட்டில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

2. எண்ணெய் வண்ணத்தில் டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்யுங்கள். இதை ஆசிரியரே செய்ய வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

3. ஒரு வண்ணத்துக்கு மூன்று நான்கு சொட்டு போதும். சாத்தே குச்சியால் மெதுவாக இழுங்கள். ரொம்பக் கலக்கினால் சேற்று நிறம்தான் வரும்.

4. தாளை ஒரு பக்கத்திலிருந்து மெல்லப் படியவிடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் காற்று சிக்கி வெள்ளைத் திட்டு விழும்.

5. மிச்ச வண்ணத்தை நாளிதழ்த் துண்டால் வழித்தெடுத்த பிறகே அடுத்தவர் செய்யட்டும்.

அடுத்த வாரம் அதே மாணவியிடம், சவர்க்கார நீரில் நனைத்த பல்குத்தும் குச்சியைக் கொடுத்து, “வண்ணத்தின் நடுவில தொட்டுப் பாரும்மா” என்றேன். தொட்டதும் வண்ணம் வட்டமாக விலகி நடுவில் இடம் விட்டது. “டீச்சர், அன்னிக்கு நடந்தது இதுதானா!” என்றாள். ஜப்பானியரின் சுமினகாஷி கலையில் மையையும், மையை விலக்கும் திரவத்தையும் மாறி மாறித் தொட்டு வைத்துத்தான் வளையங்களை உண்டாக்குகிறார்கள். துருக்கியின் எப்ரு கலையில் வண்ணம் விரிவதற்கு மாட்டுப் பித்தநீர் சேர்ப்பார்கள். 2014-இல் யுனெஸ்கோ அக்கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்று எங்கள் பாடத்தைக் கெடுத்ததையே இவர்கள் அளவறிந்து பயன்படுத்துகிறார்கள்.

தேர்வு மாணவர்களே, படைப்பு விளக்கத்தில் ‘அழகாக வந்தது’ என்று நிறுத்திவிடாதீர்கள். என்ன செய்தேன், என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து எதை மாற்றினேன் என்று நான்கு வரி எழுதுங்கள். கெட்டுப்போன தாளையும் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். அந்த நான்கு வரிக்கு அதுதான் ஆதாரம்.