லாரி போயாச்சு... நம்பர் தப்பு!

வண்டி நம்பரில் இரண்டு எண்கள் இடம் மாறினால் குடியா முழுகிப்போகும்? முழுகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2018 ஜூனில் ஒரு சாயங்காலம் வரைக்கும்!

அப்போது ஒரகடத்தில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் நான் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். பி.காம்., முதல் வகுப்பு. டெபிட், கிரெடிட்டை எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். அதனால்தானோ என்னவோ, நம்பரையும் தலைகீழாக அடித்துத் தொலைத்தேன்.

அந்த மாதம் 2-ம் தேதியிலிருந்துதான், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் இ-வே பில் கட்டாயமானது. "பையன் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்" என்று மேனேஜர் அதை என் தலையில் கட்டினார். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர், டாலியும் சினிமா டிக்கெட் புக்கிங்கும்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கௌரவம் என்னாவது?

பார்ட் ஏ-யில் பில் நம்பர், சரக்கு, மதிப்பு. பார்ட் பி-யில் வண்டி நம்பர். ஓசூருக்கு நாலு லட்ச ரூபாய் பிரேக் பாகங்கள். ஆறு மணிக்கு லாரி கிளம்பியது. ஆறேகாலுக்கு கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். வண்டி 3861. நான் அடித்தது 3816!

வயிற்றில் புளி கரைத்தது. கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? அந்தச் சரக்குக்கு அப்போது வரி 28 சதவிகிதம். அதாவது 1,12,000 ரூபாய். வழியில் பிடித்தால் வரியோடு அதே அளவு அபராதம். மொத்தம் 2,24,000! என் சம்பளம் 12,000. பத்தொன்பது மாதம் பச்சைத் தண்ணீர் குடித்து வேலை பார்க்க வேண்டும்.

மேனேஜர் ரூம் பத்தே அடி தூரம். போகவில்லை. 'யார் கவனிக்கப் போறாங்க' என்று என்னை நானே தேற்றிக்கொண்டு எட்டரை மணி வரை ஸ்கிரீனை முறைத்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. வாலாஜாபேட்டை பக்கம் டீ குடிக்க நிறுத்தியிருந்த டிரைவர்!

"தம்பி, பேப்பர்ல என் வண்டியே இல்லியே... வேற யார் வண்டியையாவது ஓட்டிட்டு வந்துட்டேனா?"

"தெரியும்ணா... அப்பவே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க? பார்ட் பி-யில புது நம்பரை அடிங்க தம்பி. போன மாசம் பெங்களூர் லோடுக்கு அப்படித்தான் மாத்தினாங்க."

இரண்டே நிமிஷம். மாறிவிட்டது! பி.காம். முதல் வகுப்புக்கு லாரி டிரைவர் டியூஷன் எடுத்து முடித்தார். அதற்கப்புறம்தான் மேனேஜரிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அது ஒண்ணும் புரியலப்பா. அதான் உன்கிட்ட தள்ளிவிட்டேன்!"

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. பில் காலாவதியாகும் வரை பார்ட் பி-யை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பார்ட் ஏ-யில் தப்பென்றால் திருத்த முடியாது; வழியில் அதிகாரி சோதிப்பதற்கு முன், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டு வேறு போட வேண்டும். 2018 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வண்டி நம்பரில் ஓரிரு எழுத்து, எண் தப்பென்றால் மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500, ஆக ஆயிரம் ரூபாய் அபராதம்தான். ஆனால், பெரிய தப்புக்கு 2022 முதல் வரியைப் போல இரண்டு மடங்கு!

அதாவது சார், மெஷினே நமக்கு 24 மணி நேரம் டைம் கொடுக்கிறது. அந்த நேரத்தை விழுங்குவது நம்முடைய வறட்டு கௌரவம்தான்.

புதுசு வந்துகொண்டேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இ-இன்வாய்ஸ்; அதையும் ரத்து செய்ய அதே 24 மணி நேரம். 2025 ஏப்ரலிலிருந்து இ-வே பில்லில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி. லாரி கேட்டில் நிற்கும், ஓ.டி.பி. முதலாளி போனில் இருக்கும். முதலாளி கல்யாணப் பந்தியில் இருப்பார்! உங்கள் பெயரிலேயே துணை லாகின் போட்டு, உங்கள் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்?

பக்கத்து ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். ரகசியமாக வைக்கச் சொன்ன மந்திரத்தை திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் என்பார்கள். நாமும் தெரிந்ததை அடுத்த சீட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

ஓ.டி.பி-க்காக மட்டும் கோபுரத்தில் ஏறிவிடாதீர்கள்!