நிரல் நூலகங்களும் புதுப்பித்தலால் நேரும் பழுதுகளும்

கணினியில் இயங்கும் நிரல் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய வேலைகள் யாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறத்தல், நினைவகத்தில் ஓரிடத்திலுள்ள செய்தியை வேறோர் இடத்திற்கு நகல் செய்தல் போன்ற பொதுப் பணிகளுக்குரிய கட்டளைகள் ஒருங்கே தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. இத்தொகுப்பே நிரல் நூலகம் எனப்படுகிறது. லினக்ஸ் முறையில் பெரும்பாலும் வழங்கும் அடிப்படை நூலகம் 'ஜிலிப்சி' ஆகும். நிரல் இயங்கத் தொடங்கும்பொழுதே அது நூலகத்துடன் இணைக்கப்படுகிறது. ஆகவே நூலகத்தைப் புதுப்பித்தால், அதை நம்பியுள்ள நிரல்கள் அனைத்தும், தம்மில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, புதிய நூலகத்தின் ஆட்சிக்குட்பட்டு விடுகின்றன. ஒரு குறையை ஓரிடத்தில் நீக்கினால் எல்லா நிரல்களும் பயனடையும் என்பது இதன் நன்மை. தீமையும் அவ்வழியாகவே வருவதுண்டு.

2010 நவம்பரில் ஃபெடோரா 14 என்னும் லினக்ஸ் பதிப்பு வெளியாயிற்று. அதன் 64 பிட் வகையில், அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் பிளேயர் வாயிலாகப் பாட்டுக் கேட்டோர், ஒலி சிதைந்து வருவதைக் கண்டனர். அதே பிளேயர் முந்தைய ஜிலிப்சியுடன் செம்மையாக ஒலித்தது. மாறியிருந்தது, நகல் செய்யும் 'மெம்காப்பி' என்னும் ஒரு சிறு பணியே.

இதனை வகுப்பில் கரும்பலகையிலேயே காட்டலாம். ஆறு கட்டங்கள் வரைந்து, 2 முதல் 6 வரையுள்ளவற்றில் அ, ஆ, இ, ஈ, உ என எழுதுக. இவற்றை ஒவ்வோர் இடம் இடப்புறம் தள்ளி, 1 முதல் 5 வரை நகல் செய்ய வேண்டும். முதலிலிருந்து தொடங்கினால் அ முதற் கட்டத்திற்கும், ஆ இரண்டாம் கட்டத்திற்குமாக யாவும் ஒழுங்காக அமையும். கடைசியிலிருந்து தொடங்கினாலோ, உ ஐந்தாம் கட்டத்திலிருந்த ஈயை அழித்துவிடும். அடுத்த படியில் அந்த உ-வே நான்காம் கட்டத்திற்குச் செல்லும். முடிவில் எல்லாக் கட்டங்களிலும் உ மட்டுமே எஞ்சும். மூல இடமும் சேருமிடமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்பொழுதுதான் இத்தொல்லை உண்டாகும்.

சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தர விதிகள் இதனை முன்பே கருதியுள்ளன. இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாயின் 'மெம்மூவ்' என்னும் வேறு பணியைக் கையாள வேண்டும். மெம்காப்பியை அழைத்தால் விளைவுக்கு உறுதியில்லை. ஃபிளாஷ் பிளேயர் இவ்விதியை மீறியிருந்தது. எனினும், நகல் முன்னிருந்து பின்னாக நடந்த வரையில் பிழை வெளிப்படவில்லை. சில இன்டெல் செயலிகளில் பின்னிருந்து நகல் செய்வதே விரைவானது என்பதால் நூலகத்தார் திசையை மாற்றினர். மறைந்திருந்த பிழை ஒலியில் தெரிந்தது.

பிழை யாருடையது என்பதில் வாதம் எழுந்தது. விதிப்படி நூலகத்தார் மீது குற்றமில்லை. ஆனால் லினக்ஸ் கருநிரலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பயனாளரின் நிரல் கெடுமாயின் விதியைச் சுட்டுவது விடையாகாது என்னும் நிலையில் நின்றார். நூலகத்திற்கு முன்பாக ஏற்றத்தக்க ஒரு சிறு மாற்று மெம்காப்பியையும் எழுதி அளித்தார். மூலநிரல் வெளியிடப்படாத பிளேயரைப் பயனாளர் தாமே திருத்திக்கொள்ள இயலாது என்பதை எண்ணினால், அவர் கூற்றே வலிமையுடையதாகத் தோன்றுகிறது.

2011இல் வெளிவந்த ஜிலிப்சி 2.14 இரு திறத்தாருக்கும் இடமளித்தது. மெம்காப்பி என்னும் ஒரே பெயருக்கு இரண்டு பதிப்புக் குறிகள் இடப்பட்டன. பழைய குறியுடன் வரும் 64 பிட் நிரல்களுக்கு மெம்மூவைப் போன்று தீங்கற்ற நகலும், புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்கு விரைவான நகலும் கிடைக்கலாயின.

இத்தீர்வினால் வேறொரு சங்கடம் பிறந்தது. புதிய கணினியில் தொகுத்த நிரலைப் பழைய கணினியில் இயக்கினால், 'ஜிலிப்சி 2.14 காணப்படவில்லை' என்னும் பொருளுடைய ஆங்கிலச் செய்தி தோன்றி, நிரல் நின்றுவிடும். களப்பணியாளர் சிலர் இதைக் கண்டு, கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி மீண்டும் மீண்டும் இறக்குகின்றனர். கோப்பில் குறையில்லை; கணினியின் நூலகமே பழையது. வேறு கணினியிலிருந்து ஜிலிப்சிக் கோப்பை மட்டும் எடுத்து வந்து பழையதன் மேல் வைப்பது பேராபத்து. அதன்பின் மிக எளிய கட்டளைகளும் இயங்காமற் போகக்கூடும். இயக்க முறைமையை முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும். அஃது இயலாவிடில், அந்நிரலைப் பழைய கணினியிலேயே தொகுத்துத் தருமாறு அனுப்பியவரைக் கேட்க வேண்டும்.